புது செட்டில் எந்த கார்டு தேறும்? போகிமான் பாக்கெட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போகிமான் டிசிஜி பாக்கெட் என்ற மொபைல் கார்டு விளையாட்டை ஆடத் தொடங்கிய வாரத்திலேயே என் அக்கா மகனுக்கு சாரிசார்ட் ஈஎக்ஸ் என்ற கார்டு கிடைத்துவிட்டது. “200 டேமேஜ் மாமா!” என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அன்று சாயங்காலம் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றான். ஐந்தில் ஒன்றில்கூட சாரிசார்ட் ஓர் அடி அடிக்கவில்லை. மூன்றில் களத்துக்கே வரவில்லை. கார்டு மோசமில்லை. அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணை அவன் பார்த்தான், அந்த எண் எத்தனையாவது டர்னில் வேலை செய்யும் என்று பார்க்கவில்லை. புது செட் வந்தால் ஒவ்வொரு கார்டிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த விளையாட்டு 2024 அக்டோபர் 30 அன்று ஜெனடிக் ஏபெக்ஸ் என்ற செட்டோடு (ஒரே சமயத்தில் வெளியாகும் கார்டுத் தொகுப்பு) வெளிவந்தது. டிசம்பரில் மித்திகல் ஐலண்ட், 2025 ஜனவரி 30 அன்று ஸ்பேஸ்-டைம் ஸ்மாக்டவுன். அதன் பிறகு ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று வந்தது. கீழே நான் எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் பெரும்பாலும் இந்த முதல் மூன்று செட்டுகளிலிருந்துதான். எந்த கார்டு ஓடியது, எது ஓடவில்லை என்பது இவற்றில் தெரிந்துவிட்டது. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகினால், நாளை வரப்போகும் செட்டுக்கும் அதே வழியில் போடலாம்.

கணக்கின் அடிப்படை

சில எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். டெக்கில், அதாவது ஆட்டத்துக்கு நாம் கட்டிக்கொண்டு வரும் கார்டுக் கட்டில், 20 கார்டு. ஒரே பெயரில் இரண்டுக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் 5 கார்டு; அதில் ஒரு பேசிக் போகிமானாவது (நேராகக் களத்தில் இறக்கக்கூடியது) கட்டாயம் இருக்கும். முன்னால் நின்று அடிப்பது ஒரு போகிமான்; பின்னால் காத்திருப்பவற்றுக்குப் பெஞ்சில் மூன்று இடம். தாக்குதலுக்குத் தேவையான எனர்ஜி டர்னுக்கு ஒன்று தானாக வரும்; முதலில் ஆடுபவருக்கு மட்டும் முதல் டர்னில் எனர்ஜி கிடையாது. முதல் டர்னில் யாரும் பரிணாமம் செய்ய, அதாவது ஒரு போகிமானை அதன் அடுத்த வடிவமாக மாற்ற, முடியாது. 3 புள்ளி எடுத்தால் வெற்றி. சாதாரண போகிமானை வீழ்த்தினால் 1 புள்ளி, பெயரோடு ஈஎக்ஸ் என்று வரும் பலமான வகை விழுந்தால் 2. பின்னால் வந்த மெகா ஈஎக்ஸ் விழுந்தால் 3, அத்தோடு ஆட்டம் முடிந்தது.

காகிதக் கார்டில் ஆடிப் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்கே 60 கார்டு, 6 பரிசுக் கார்டு, பெஞ்சில் ஐந்து இடம். ஒரு போகிமானை அதற்குப் பலவீனமான வகையால் அடித்தால் டேமேஜ் இரட்டிப்பாகும். இங்கே பலவீனத்துக்கு வெறும் 20தான் கூடும். அங்கே ராஜாவாக இருந்த கார்டு இங்கே சாதாரணமாகிவிடலாம்.

படத்தை மறைத்துவிட்டு எனர்ஜியை எண்ணுங்கள்

சாரிசார்ட் ஈஎக்ஸையே எடுப்போம். 180 ஹெச்பி, அதாவது மொத்தம் 180 டேமேஜ் வாங்கினால் விழும். கிரிம்சன் ஸ்டார்ம் என்ற தாக்குதல் 200 டேமேஜ், அதற்கு 4 எனர்ஜி வேண்டும், அடித்ததும் 2 தீ எனர்ஜி போய்விடும். டர்னுக்கு ஒன்று என்று வைத்தால், இரண்டாவதாக ஆடுபவருக்கு நான்காவது டர்னில்தான் அந்த அடி. முதலில் ஆடுபவருக்கு ஐந்தாவது டர்ன். ஒருமுறை அடித்துவிட்டால் மறுபடி 4 எனர்ஜி சேர இன்னும் இரண்டு டர்ன்.

இத்தனைக்கும் சார்மாண்டர், சார்மீலியன், சாரிசார்ட் மூன்றும் வரிசையாகக் கையில் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்திருந்தால், மூன்றாவது டர்னுக்குள் நாம் பார்த்திருப்பது 8 கார்டு. அந்த எட்டில் மூன்று வகையும் குறைந்தது ஒன்றாவது இருக்க வாய்ப்பு எவ்வளவு? கார்டு இழுக்கும் உதவி எதையும் சேர்க்காமல் கணக்குப் போட்டால் சுமார் 24 சதவீதம். நான்கு ஆட்டத்தில் ஒன்று! கார்டு இழுக்கும் புரொஃபசர்ஸ் ரிசர்ச்சும் போகிபாலும் இதை ஏற்றித் தரும், உண்மைதான். ஆனால் அவற்றை நம்பித்தான் இந்த டெக் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

இப்போது அதே செட்டின் பிகாச்சு ஈஎக்ஸைப் பாருங்கள். 120 ஹெச்பிதான். பேசிக் போகிமான், எதிலிருந்தும் பரிணாமம் ஆக வேண்டியதில்லை. சர்க்கிள் சர்க்யூட் தாக்குதலுக்கு 2 மின்சார எனர்ஜி. பெஞ்சில் இருக்கும் ஒவ்வொரு மின்சாரப் போகிமானுக்கும் 30 டேமேஜ், ஆக அதிகபட்சம் 90. இரண்டாவதாக ஆடினால் இரண்டாவது டர்னிலேயே அந்த 90 விழும், எனர்ஜி எதுவும் செலவாகாது, அடுத்த டர்னிலும் அதே 90. சாரிசார்ட் முதல் அடி அடிப்பதற்குள் பிகாச்சு இரண்டு அடி அடித்திருக்கும். இரண்டு 90 சேர்ந்தால் 180, அதாவது சாரிசார்டின் முழு ஹெச்பி. தொடக்க மாதங்களில் எங்கு பார்த்தாலும் பிகாச்சு டெக் இருந்ததற்குக் காரணம் இந்தச் சின்னக் கணக்குதான்.

ஆகவே முதல் வேலை: புது கார்டின் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “இது எத்தனையாவது டர்னில் முதல் அடி அடிக்கும்? அடுத்த அடி எப்போது?” என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றுக்குள் வந்தால் மேலே படிக்கலாம். நான்கு, ஐந்து என்று வந்தால், எனர்ஜியை வேகமாகச் சேர்த்துத் தரும் துணை அதற்கு உண்டா என்று தேடுங்கள். மியூடூ ஈஎக்ஸுக்கு கார்டெவார் இருந்தது போல. மியூடூவின் 150 டேமேஜ் அடிக்கும் 4 எனர்ஜி வேண்டும், 2 போய்விடும். ஆனால் கார்டெவார் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் நிற்கும் சைக்கிக் போகிமானுக்கு டர்னுக்கு ஒரு எனர்ஜி கூடுதலாகக் கொடுக்கும். நாம் கொடுக்கும் ஒன்று, கார்டெவார் தரும் ஒன்று, இரண்டும் சேர்ந்து அந்தச் செலவை ஈடுகட்டிவிடும். அப்புறம் ஒவ்வொரு டர்னும் 150தான். கார்டெவார் இல்லாத மியூடூ வேறு கார்டு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

எதை ஒரே அடியில் வீழ்த்தும்?

டேமேஜ் எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. அப்போது எல்லோரும் ஆடும் போகிமான்களின் ஹெச்பியோடு அதை ஒட்டிப் பார்க்க வேண்டும். 150 என்றால் பிகாச்சு ஈஎக்ஸ் (120), ஆர்டிகூனோ ஈஎக்ஸ் (140), இன்னொரு மியூடூ ஈஎக்ஸ் (150) எல்லாம் ஒரே அடி. இதையே 140 என்று அச்சிட்டிருந்தால் மியூடூ தப்பித்துவிடும், ஜியோவானி என்ற கார்டைப் போட்டு 10 கூட்ட வேண்டியிருக்கும். இந்த விளையாட்டில் 10 டேமேஜ் என்பது சில எண்களுக்கு அருகில் பெரிய விஷயம், மற்ற இடங்களில் ஒன்றுமே இல்லை.

ஸ்பேஸ்-டைம் ஸ்மாக்டவுனில் ஜயண்ட் கேப் என்ற டூல் கார்டு (போகிமான் மேல் மாட்டிவிடுவது) வந்தது. ஹெச்பியை 20 கூட்டும், அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லாத கார்டு. ஆனால் 150 ஹெச்பி மியூடூ அதைப் போர்த்திக்கொண்டால் 170. எதிராளி மியூடூவின் 150 போதாது, ஜியோவானி சேர்ந்து 160 ஆனாலும் போதாது. ஒரே அடியில் விழ வேண்டியது இரண்டு அடி தாங்குகிறது என்றால் நமக்கு ஒரு முழு டர்ன் இலவசமாகக் கிடைத்தது என்று பொருள். புது செட்டில் இப்படி அமைதியாக இருக்கும் கார்டுகளைத் தவறவிடாதீர்கள்.

இதோடு புள்ளிக் கணக்கையும் பாருங்கள். இரண்டு ஈஎக்ஸ் விழுந்தால் ஆட்டம் போச்சு. ஒரு ஈஎக்ஸும் ஒரு சாதாரணமும் விழுந்தாலும் போச்சு. ஈஎக்ஸே இல்லாத டெக்கை வெல்ல எதிராளி மூன்று போகிமானை வீழ்த்தியாக வேண்டும். அதனால் 100 ஹெச்பி உள்ள நல்ல சாதாரணப் போகிமானை, 140 ஹெச்பி உள்ள சுமாரான ஈஎக்ஸுக்கு மேலே நான் வைப்பேன்.

நாணயம் சுண்டும் கார்டுகள்

மிஸ்டி என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பூ விழும்வரை நாணயம் சுண்ட வேண்டும், ஒவ்வொரு தலைக்கும் ஒரு தண்ணீர் எனர்ஜி. சராசரி பார்த்தால் ஒரு எனர்ஜி. ஆனால் பாதி ஆட்டத்தில் ஒன்றுமே கிடைக்காது. நான்கில் ஒரு முறை ஒன்று கிடைக்கும், மீதி நான்கில் ஒரு முறை இரண்டோ அதற்கு மேலோ. முதல் டர்னிலேயே ஆர்டிகூனோ ஈஎக்ஸ் மூன்று எனர்ஜியோடு நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். ஒன்றும் வராமல் போன ஆட்டங்கள் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் நாணயக் கார்டை நினைவை வைத்து எடைபோடாமல், காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

மித்திகல் ஐலண்டில் வந்த செலிபி ஈஎக்ஸ் இன்னொரு வகை. தன் மேல் இருக்கும் ஒவ்வொரு எனர்ஜிக்கும் ஒரு நாணயம், ஒவ்வொரு தலைக்கும் 50 டேமேஜ். தனியாக இருந்தால் இரண்டு எனர்ஜிக்கு இரண்டு நாணயம், நான்கில் ஒரு தடவை பூஜ்யம். அதே செட்டில் வந்த செர்பீரியர் களத்தில் இருந்தால் ஒவ்வொரு புல் எனர்ஜியும் இரண்டாகக் கணக்காகும். மூன்று எனர்ஜிக்கு ஆறு நாணயம். மூன்று தலையாவது விழ வாய்ப்பு சுமார் 66 சதவீதம், அதாவது 150 டேமேஜ். நாணயம் கூடக்கூட அதிர்ஷ்டத்தின் ஆட்டம் குறைகிறது. ஒரே நாணயத்தில் தொங்கும் கார்டைவிட ஆறு நாணயம் சுண்டும் கார்டை நம்பலாம்.

பழைய கார்டுகளோடு சேர்த்துப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். புது செட்டை மட்டும் தனியாகப் படிப்பார்கள். புது கார்டு பல சமயம் பழைய கார்டுக்குத்தான் உயிர் கொடுக்கும்.

ஸ்பேஸ்-டைம் ஸ்மாக்டவுனின் அட்டையில் பால்கியாவும் டயால்காவும் இருந்தன. இரண்டு பேக்குக்கும் (கார்டு வரும் பொட்டலம்) அவற்றின் பெயர்தான். எல்லோர் கண்ணும் அங்கே இருந்தது. என்னை உட்கார வைத்த கார்டு டார்க்ராய் ஈஎக்ஸ். 140 ஹெச்பி, 3 எனர்ஜிக்கு 80 டேமேஜ். சுமார்தான் என்று தோன்றும். அதன் திறனைப் படியுங்கள்: எனர்ஜி சோனிலிருந்து (டர்னுக்கு ஒரு எனர்ஜி தானாக வரும் இடம்) இருள் எனர்ஜியை இதன் மேல் வைக்கும் ஒவ்வொரு முறையும் எதிராளியின் முன்னால் நிற்கும் போகிமானுக்கு 20 டேமேஜ். முன்னால் நின்றால்தான் என்று எங்கும் எழுதவில்லை. பெஞ்சில் இருந்தே அடிக்கும்.

இப்போது முந்தைய செட்டிலிருந்து டிரட்டிகனைக் கொண்டு வாருங்கள். 100 ஹெச்பி, ஈஎக்ஸ் இல்லை, பலவீனம் இல்லை. முன்னால் நிற்கும்போது அதை அடித்தவருக்கு 20 டேமேஜ் திரும்பும். அதை முன்னால் நிறுத்தி, டார்க்ராயைப் பின்னால் வைத்து நான் ஆடிய ஓர் ஆட்டம் இப்படிப் போனது. எதிரே பிகாச்சு டெக், அவர் முதலில் ஆடுகிறார்.

என் முதல் டர்ன்: டார்க்ராய்க்கு ஓர் எனர்ஜி, பிகாச்சுவுக்கு 20. இரண்டாவது டர்ன்: இன்னொரு எனர்ஜி, மொத்தம் 40. அவருடைய மூன்றாவது டர்னில் அவருக்கு இரண்டு எனர்ஜி சேர்ந்துவிட்டது, பெஞ்சும் நிறைந்திருந்தது. 90 அடித்தார். டிரட்டிகனுக்கு 10 மிச்சம். திரும்பிப் போன 20 சேர்ந்து பிகாச்சு மேல் 60. என் மூன்றாவது டர்ன்: மூன்றாவது எனர்ஜி, 80. லீஃப் கார்டைப் போட்டால், முன்னால் நிற்பது பின்வாங்க ஆகும் எனர்ஜிச் செலவு அந்த டர்னுக்கு 2 குறையும். டிரட்டிகனைப் பின்னால் இழுத்து, டார்க்ராயை முன்னால் கொண்டுவந்து 80 அடித்தேன். 120 ஹெச்பி பிகாச்சு விழுந்தது, எனக்கு 2 புள்ளி. என் பக்கம் ஒரு போகிமான்கூட விழவில்லை.

கவனியுங்கள், “எத்தனையாவது டர்னில் வேலை செய்யும்?” என்ற கேள்விக்கு டார்க்ராயின் பதில் மூன்று அல்ல, ஒன்று. எனர்ஜி வைப்பது நாம் எப்படியும் செய்யும் வேலை. அதற்கே டேமேஜ் கிடைக்கிறது என்றால் அந்தக் கார்டை மறுபடி படிக்க வேண்டும். எந்தச் செட்டிலும் இந்த வகைத் திறனை முதலில் தேடுங்கள்.

அதே செட்டின் சைரஸும் பழைய கார்டு ஒன்றைத் தூக்கிவிட்டது. ஏற்கெனவே சப்ரினா இருந்தது: எதிராளியின் முன்னால் நிற்பதைப் பின்னால் தள்ளலாம், ஆனால் அடுத்து எது வர வேண்டும் என்பதை எதிராளிதான் முடிவு செய்வார். சைரஸில் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பெஞ்ச் போகிமான் ஏற்கெனவே அடி வாங்கியிருக்க வேண்டும். நிபந்தனை உள்ள கார்டைப் பார்த்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது நம் கையில் இருக்கிறதா? இங்கே இருக்கிறது. ஜெனடிக் ஏபெக்ஸில் வந்த கிரெனிஞ்ஜா டர்னுக்கு ஒருமுறை எதிராளியின் எந்தப் போகிமானுக்கும் 20 டேமேஜ் தரும். பெஞ்சில் ஒளிந்திருக்கும் ஈஎக்ஸை அது தொட்டுவிட்டால், சைரஸ் அதை இழுத்து வரும். அந்த 20க்கு எனர்ஜியே வேண்டாம், அதனால் கிரெனிஞ்ஜாவை இருள் டெக்கிலும் வைத்தார்கள்.

இதே போல 2025 ஏப்ரலில் செலஸ்டியல் கார்டியன்ஸ் செட்டில் ரேர் கேண்டி வந்தபோது, நடுப் பரிணாமத்தைத் தாண்டிப் போக வழி கிடைத்தது. மேலே சாரிசார்டுக்குப் போட்ட 24 சதவீதக் கணக்கு அன்றைக்கே மாறிவிட்டது. இப்படி ஒரு பொதுக் கார்டு வந்தால், ஒதுக்கி வைத்த மூன்றாம் நிலைப் போகிமான்களை எல்லாம் ஒருமுறை திரும்ப எடுத்துப் பாருங்கள்.

சப்போர்ட்டர், ஐட்டம்

இது சுருக்கம்தான். மிஸ்டி, ஜியோவானி, சைரஸ் போன்ற சப்போர்ட்டர் கார்டுகளை டர்னுக்கு ஒன்றுதான் போடலாம். ஆகவே புது சப்போர்ட்டர் எல்லாம், இரண்டு கார்டு இழுத்துத் தரும் புரொஃபசர்ஸ் ரிசர்ச்சோடு போட்டி போட வேண்டும். அந்த டர்னில் அதைவிட்டுவிட்டு இதைப் போடுவேனா என்று கேளுங்கள். போகிபால் போன்ற ஐட்டத்துக்கு அந்த வரம்பு இல்லை. எந்த டெக்கிலும் பொருந்தும் ஐட்டமோ டூலோ வந்தால் யோசிக்காமல் இரண்டு சேர்த்துவிடுங்கள்.

எதற்கு பாயிண்ட் செலவழிப்பது?

பேக் ஒன்று திறந்தால் 5 பேக் பாயிண்ட். அந்தச் செட்டின் கார்டை வாங்க மட்டுமே அது செல்லும். நான்கு வைரக் குறி (எவ்வளவு அரிது என்று காட்டுவது) போட்ட ஈஎக்ஸுக்கு 500 பாயிண்ட், அதாவது 100 பேக். பணம் கட்டாமல் 12 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு என்று திறந்தால் 50 நாள். சைரஸ் போன்ற இரண்டு வைரக் கார்டுக்கு 70 பாயிண்ட், 14 பேக், ஒரே வாரம்.

ஆகவே என் வரிசை இது. முதலில் எல்லா டெக்குக்கும் உதவும் சப்போர்ட்டர், டூல் கார்டுகள். அவை பெரும்பாலும் பேக்கிலேயே வந்துவிடும், விட்டுப்போன ஒன்றைப் பாயிண்டில் வாங்கலாம். ஈஎக்ஸுக்கு 500 பாயிண்டைக் கொடுக்கும் முன் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். லிமிட்லெஸ் தளத்தில் ரசிகர்கள் நடத்தும் போட்டிகளின் டெக் பட்டியல்கள் வெளியாகும். முதல் வாரப் பட்டியலில் பலரும் சோதனை செய்கிறார்கள், இரண்டாம் வாரப் பட்டியல் நம்பத் தகுந்தது. நீங்கள் நினைத்த கார்டு அதில் எத்தனை டெக்கில், எந்தத் துணையோடு, ஒன்றாக இருக்கிறதா இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரக் குறி போட்ட அழகுப் பதிப்புகளுக்குப் பாயிண்டைக் கொட்ட வேண்டாம். ஆட்டத்தில் அவை அதே கார்டுதான், இரண்டு நட்சத்திரத்துக்கு 1,250 பாயிண்ட் கேட்கும். படத்துக்காகவே சேகரிப்பவர் என்றால் அது வேறு சந்தோஷம், தாராளமாக வாங்குங்கள்.

நோட்டில் எழுதி வைத்துச் சரிபாருங்கள்

புது செட்டின் பட்டியல் வந்த அன்று மூன்று கார்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனையாவது டர்னில் வேலை தொடங்கும், எந்தத் துணை இல்லாமல் முடியாது, இப்போது ஓடும் போகிமான்களில் எதை ஒரே அடியில் வீழ்த்தும். பிறகு அந்தக் கார்டோடு பத்து ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், அது உண்மையில் எத்தனையாவது டர்னில் வேலை செய்தது என்று பக்கத்தில் குறியுங்கள். வராமலே போனால் ஒரு கோடு. வெற்றி தோல்வியை எழுத வேண்டாம், பத்து ஆட்டத்தில் அது பெரிதாக எதையும் காட்டாது. டர்ன் எண் காட்டும்.

அக்கா மகனின் நோட்டில் சாரிசார்டுக்கு நேரே 5, கோடு, 6, கோடு, கோடு, 4 என்று போகிறது. அதற்கு இரண்டு பக்கம் தள்ளி டார்க்ராய்க்கு 1, 2, 1, 1, 3, 1. அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டிவிட்டு அவன் கேட்டான், “மாமா, சாரிசார்டுக்கு ரேர் கேண்டி ரெண்டு போட்டுப் பத்து ஆட்டம் ஆடிப் பார்க்கட்டுமா?”